லாஃப்டில் டார்மர் கட்டுவதற்கு முன்: இங்கிலாந்தின் பிளானிங் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ஆறு மாதம் தங்குகிறார்கள். அறை போதவில்லை. வேறு வீட்டுக்கு மாறலாம் என்றால் ஸ்டாம்ப் டியூட்டி, ஏஜென்ட் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து பயமுறுத்துகின்றன. அப்போதுதான் கண் மேலே போகிறது. சூட்கேஸ்களும் பழைய தொட்டிலும் கிடக்கிற அந்தப் பரணை ஓர் அறையாக்கினால் என்ன?

லண்டனின் வடமேற்கில், 1930களில் கட்டிய, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும் எங்கள் செமி டிடாச்டு வீட்டில் நாங்களும் அதைத்தான் செய்தோம். கையில் சான்றிதழ் இருந்தும் சில சென்டிமீட்டர் தவறிப்போய் ஒரு குளிர்காலம் முழுக்க அவதிப்பட்டோம். அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்துபவை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் சட்டம் தனி.

டார்மர் என்றால் எது? கூரை ஜன்னலும் அதுவும் ஒன்றா?

இல்லை. ஓட்டுச் சாய்விலேயே படிந்தாற்போல் பதிக்கிற கண்ணாடி கூரை ஜன்னல். பலரும் அதை வீலக்ஸ் என்று பிராண்டின் பெயரிலேயே சொல்வார்கள். டார்மர் என்பது சாய்வை வெட்டி, அதிலிருந்து வெளியே தள்ளிக் கட்டுகிற பெட்டி. அதற்கென்று நேர்ச் சுவர், பக்கச் சுவர்கள், தனிக் கூரை எல்லாம் உண்டு. தலை இடிக்காமல் நடக்க இடம் கிடைப்பது அதனால்தான். லண்டன் ரயிலில் போகும்போது வீடுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஓட்டுக்கு மேல் சதுரம் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்பவை எல்லாம் டார்மர்கள்தான்.

இரண்டுக்கும் விதிகள் வேறு. கூரை ஜன்னல் சாய்வின் தளத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தாமலும் கூரையின் உச்சியைத் தாண்டாமலும் இருந்தால் பொதுவாக பிளானிங், அதாவது கட்டுவதற்கு உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி கேட்கும் தொல்லை இல்லை. வீட்டின் முன்பக்கத்திலும் வைக்கலாம். உங்கள் லாஃப்டில் நடுவில் நிற்க உயரம் தாராளமாக இருந்தால், டார்மரே இல்லாமல் கூரை ஜன்னல்களோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று முதலில் யோசியுங்கள். செலவும் குறையும், விதிகளும் குறையும்.

டார்மருக்கு பிளானிங் அனுமதி வேண்டுமா, வேண்டாமா?

பெரும்பாலான வீடுகளில் பின்பக்க டார்மருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அனுமதி தேவையில்லை’ என்று எல்லோரும் சொல்வது சரியான சொல் அல்ல. 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை வழியாக அரசு பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே ஓர் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. அதைத்தான் பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்கிறார்கள். கூரையைப் பெரிதாக்குவது அதில் ‘கிளாஸ் பி’யில் வருகிறது. அந்த அனுமதி நிபந்தனைகளோடு வருகிறது. ஒரே ஒரு நிபந்தனை தவறினாலும் நீங்கள் கட்டியது அனுமதி இல்லாத கட்டடம்தான். வரம்பு 50 கன மீட்டர் என்றால், 50 வரை சரி, அதைத் தாண்டிய ஒரு கன மீட்டர் மட்டும் தவறு என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

சுருக்கமாக நிபந்தனைகள் இவை. கூடுதல் கன அளவு வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50 கன மீட்டர். கூரையின் தற்போதைய உச்சியை எதுவும் தாண்டக் கூடாது. தெருவைப் பார்க்கும் முன்முகச் சாய்வைத் தாண்டி எதுவும் வெளியே வரக் கூடாது. பால்கனி, வராந்தா, மேடை கூடாது. பொருள்கள் பார்வைக்குப் பழைய வீட்டோடு ஒத்திருக்க வேண்டும். இறவாரத்திலிருந்து, அதாவது கூரையின் கீழ் விளிம்பிலிருந்து, குறைந்தது 20 சென்டிமீட்டர் உள்தள்ளி இருக்க வேண்டும். வீட்டின் மூலச் சுவருக்கு வெளியே தொங்கக் கூடாது. பக்கவாட்டு ஜன்னல் மங்கல் கண்ணாடியாக இருக்க வேண்டும். இவற்றில் சிக்கல் வருகிறவற்றைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

40, 50 கன மீட்டரை எப்படிக் கணக்கிடுவது?

வெளி அளவில் கணக்கிட வேண்டும். உள்ளே பிளாஸ்டர் அடித்த பிறகு கிடைக்கிற இடம் கணக்கில்லை, ஓட்டுக்கு வெளியே அளக்க வேண்டும். இன்னொன்று, லாஃப்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற இடம் இதில் சேராது. புதிதாகக் கூடுகிற கன அளவு மட்டும்தான்.

சாதாரணப் பெட்டி டார்மரை பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு செங்கோண முக்கோணம். ஆகவே அகலம், உயரம், ஆழம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். அகலம் 5.5 மீட்டர், முகத்தின் உயரம் 2.4 மீட்டர், ஆழம் 3.2 மீட்டர் என்றால் 21.12 கன மீட்டர்.

1930களின் செமி வீடுகளில் கூரை பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கும். மாடிப்படிக்கு இடம் வேண்டுமென்று அந்தப் பக்கச் சாய்வை நிமிர்த்தி முக்கோணச் சுவராக எழுப்புவார்கள். அதையும் கூட்ட வேண்டும். இதை மறந்து ‘டார்மர் 45 தான், 50க்குள் இருக்கிறது’ என்று இறங்குகிறவர்கள் உண்டு. நிமிர்த்துவதால் கூடும் அளவுக்கு எளிய வழி இருக்கிறது. வீட்டின் முன்பின் அகலம், முகடு முடிகிற இடத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலான கிடைத் தூரம், கூரையின் உயரம் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். அகலம் 8, தூரம் 3.5, உயரம் 3 மீட்டர் என்றால் 14 கன மீட்டர். மேலே சொன்ன டார்மரோடு சேர்த்தால் 35.12. செமி வீட்டுக்கு 50 வரை போகலாம் என்பதால் தாராளமாக நிற்கிறது.

விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் கதை வேறு. அங்கே வரம்பு 40. பின்னால் சமையலறைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் கூரையிலும் சேர்த்து, ‘எல்’ வடிவத்தில் டார்மர் போடுவது லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் சகஜம். இரண்டு பெட்டிகளையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டும்போது 40 சீக்கிரம் நெருங்கிவிடும். வரைபடக்காரரிடம் கணக்கைத் தாளில் வாங்குங்கள். ‘அது வந்துடும்’ என்ற பதில் போதாது.

எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. ஒரு பக்கம் திறந்துதானே இருக்கிறது, 50 கிடைக்குமா?

கிடைக்காது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட வரிசையில் கடைசி வீடும் வரிசை வீடுதான். உங்களுக்கு 40.

முன்னாள் சொந்தக்காரர் ஏற்கெனவே ஒரு சின்ன டார்மர் கட்டியிருக்கிறார். அதுவும் கணக்கில் வருமா?

வரும். கணக்கு ‘மூல’ வீட்டிலிருந்து தொடங்குகிறது. முதலில் எப்படிக் கட்டப்பட்டதோ அது, அல்லது 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய வீடென்றால் அந்த நாளில் எப்படி நின்றதோ அது. அதற்குப் பிறகு யார் கூரையைப் பெரிதாக்கியிருந்தாலும், பிளானிங் அனுமதி வாங்கியே கட்டியிருந்தாலும், உங்கள் 40 அல்லது 50இல் அது கழியும். வீட்டை வாங்கும்போதே பழைய அனுமதிகளைக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முகவரியை அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

முன்பக்கத்தில் டார்மர் வைக்கலாமா? எதிர்வீட்டில் இருக்கிறதே.

முன்முகம் தெருவைப் பார்த்திருந்தால் பிளானிங் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எதிர்வீட்டில் இருப்பது அனுமதியோடு கட்டியதாக இருக்கலாம், பல பத்தாண்டுகளுக்கு முன் வேறு விதி இருந்த காலத்தில் கட்டியதாகவும் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முன்பக்க வெளிச்சத்துக்குக் கூரை ஜன்னலே போதும்.

டார்மரின் கூரை முகட்டைவிட ஓர் அங்குலம் உயர்ந்தால் என்ன ஆகிவிடும்?

இதில்தான் நாங்கள் மாட்டினோம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விதி எளிமையானது. வீட்டின் பிரதான முகட்டின் உயரம்தான் எல்லை. சிம்னி, வீடுகளுக்கு இடையே கூரைக்கு மேல் எழும் தீத்தடுப்புச் சுவர் போன்றவை கணக்கில் வராது. ‘சிம்னி இன்னும் மேலேதானே இருக்கிறது’ என்று வாதாட முடியாது.

எங்கள் வரைபடத்தில் டார்மரின் தட்டைக் கூரை முகட்டுக்குக் கீழே தெளிவாக நின்றது. அதை வைத்துத்தான் கவுன்சிலில் சான்றிதழும் வாங்கினோம். ஆனால் வரைந்தவர் கூரையின் தடிமனை ஒரு கோடாகப் போட்டிருந்தார். நிஜத்தில் அது ஒரு கோடு இல்லை, ஓர் அடுக்கு. மரச்சட்டங்களுக்கு மேல் தண்ணீர் வடிவதற்கான சரிவுக் கட்டைகள் வரும். 40க்கு 1 என்ற சரிவு வைத்தால் 3.2 மீட்டர் ஆழத்துக்கு முகட்டுப் பக்கம் 8 சென்டிமீட்டர் உயரும். அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட். அதன்மேல் நீராவித் தடுப்புத் தாள். அதன்மேல் 12 முதல் 15 சென்டிமீட்டர் வெப்பக்காப்புப் பலகை. அதற்கு மேல் கடைசியாக நீர்புகாப் பூச்சு. கூட்டிப் பாருங்கள், சட்டத்தின் தலையிலிருந்து கால் மீட்டர் ஏறிவிடுகிறது.

கட்டுமானத் தரத்தைச் சோதிக்கும் பில்டிங் கன்ட்ரோலின் இன்ஸ்பெக்டர் வந்து வெப்பக்காப்பு போதாது, தடிமன் கூட்டுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். பில்டர் சட்டத்தை இறக்காமல் மேலே இன்னும் ஒரு பலகையை அடுக்கிவிட்டார். கீழேயிருந்து பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெருமுனையிலிருந்து பார்த்த அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, முகட்டு ஓட்டுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை. கவுன்சில் அதிகாரி வந்து அளந்தார், 9 சென்டிமீட்டர் மேலே. கையில் இருந்த சான்றிதழ் வரைபடத்தில் உள்ள டார்மருக்கு, கட்டியதோ வேறு டார்மர். கட்டிய பிறகு அனுமதி கேட்கும் பின்னோக்கிய விண்ணப்பம் போட்டோம், நிராகரித்தார்கள். கடைசியில் நவம்பர் மழையில், தார்ப்பாய்க்கு அடியில், தட்டைக் கூரை முழுவதையும் பிரித்து, சட்டங்களை இறக்கி மறுபடி கட்டினோம். மூன்று வாரம் மாடி அறைகளில் படுக்க முடியவில்லை.

ஆகவே முகடு விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். வரைபடத்தில் குறுக்குவெட்டுப் படம் கேட்டு வாங்குங்கள், அதில் ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் எண்ணில் எழுதியிருக்க வேண்டும். மரச்சட்டம் போட்ட அன்று, பிளைவுட் ஏறுவதற்கு முன், முகட்டிலிருந்து சட்டத்தின் தலைக்கு எவ்வளவு என்று நீங்களே அளவு நாடா வைத்து அளந்து படம் எடுத்து வையுங்கள். வெப்பக்காப்பின் ஒரு பகுதியைச் சட்டங்களுக்கு இடையிலும் கீழேயும் வைக்கலாம், உள்ளே கொஞ்சம் உயரம் போகும், வெளியே மிச்சமாகும். அப்படி வைத்தால் நீராவி தங்கி மரம் உளுத்துப்போகாமல் இருக்கக் காற்றோட்டத்தையும் யோசிக்க வேண்டும். அதை முன்கூட்டியே பில்டிங் கன்ட்ரோலோடு பேசி முடிவு செய்வதுதான் நல்லது.

லாஃப்டில் உயரம் போதாது. முகட்டையே உயர்த்தலாமா?

கிளாஸ் பியில் முடியாது, முழு பிளானிங் விண்ணப்பம் வேண்டும். அது பெரும்பாலும் கடினம், வரிசை வீடு என்றால் இன்னும் கடினம். லாஃப்டுக்குள் ஏறி, இப்போதுள்ள சீலிங் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து முகட்டின் அடிவரை அளந்து பாருங்கள். 2.2 அல்லது 2.3 மீட்டருக்குக் கீழே என்றால், புதிய தரைச் சட்டமும் வெப்பக்காப்பும் போன பிறகு நிற்க இடம் தட்டுப்படும். கீழ்மாடியின் சீலிங்கை இறக்குவது ஒரு வழி. ஆனால் அந்த வேலை நடக்கும்போது வீட்டில் குடியிருக்க முடியாது.

இறவாரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் என்பதை எங்கிருந்து அளப்பது?

ஓட்டின் வெளி விளிம்பிலிருந்து, கூரைச் சாய்வின் வழியே மேல்நோக்கி. தண்ணீர் வடியும் கட்டர் சேராது. நேர் உயரமாகவோ கிடையாகவோ அளக்கக் கூடாது. பழைய இறவாரத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும், அல்லது வேலைக்காகக் கழற்றினால் திரும்பப் போட வேண்டும். சட்டம் ‘முடிந்தவரை’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறது. கட்டமைப்புக் காரணம் எதுவும் இருந்தால் அதைச் சொல்லலாம். அறை பெரிதாக வேண்டும் என்பது காரணம் ஆகாது.

பக்கச் சாய்வை நிமிர்த்தும் பகுதிக்கும், மூலக் கூரையைப் பின்பக்க அல்லது பக்க நீட்டிப்பின் கூரையோடு இணைக்கும் பகுதிக்கும் இந்த 20 சென்டிமீட்டர் விதி கிடையாது. ‘எல்’ வடிவ டார்மர்கள் நிற்பது இந்த இரண்டாவது விலக்கின் பலத்தில்தான்.

மாடிப்படிப் பக்கம் ஜன்னல் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்க முடியுமா?

பக்கமுகத்து ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட வேண்டும். திறக்கிற பகுதி அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் திறக்க முடியாத ஜன்னலாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். பின்பக்க ஜன்னலுக்கு இந்த நிபந்தனை இல்லை.

பின்பக்கத்தில் பெரிய கண்ணாடிக் கதவு வைத்து பால்கனி மாதிரி ஆக்கலாமா?

வெளியே கால் வைக்க ஒரு தளம் வந்தாலே அது பால்கனி. அதற்கு அனுமதி வாங்க வேண்டும். கதவுக்கு வெளியே கம்பித் தடுப்பு மட்டும் இருக்கும் ஜூலியட் பால்கனியில் நிற்கத் தளம் இல்லை என்பதால் வழக்கமாகத் தடையில்லை.

அதோடு, புதுக் குளியலறைக்கான கழிவுக் காற்றுக் குழாயை மறந்துவிடாதீர்கள். அது கிளாஸ் பியில் சேராது. ‘கிளாஸ் ஜி’ என்ற தனி வகுப்பில் அதற்கு அனுமதி இருக்கிறது, கூரையின் உச்சிக்கு மேல் ஒரு மீட்டரை எட்டாமல் இருக்க வேண்டும்.

டார்மரின் சுவருக்கு என்ன பொருள்? வெள்ளை பிளாஸ்டிக் பலகை மலிவாக வருகிறதே.

முகமும் பக்கச் சுவர்களும் பழைய கூரையைப் போன்ற தோற்றம் தர வேண்டும். பழைய ஓடு செம்பழுப்பு என்றால், அதே நிறத்தில் ஓடு தொங்கவிட்டு முடிப்பதுதான் பாதுகாப்பான வழி. மேலே இருக்கிற தட்டைக் கூரை கண்ணில் படுவதில்லை, அதனால் அதற்கு ஃபெல்ட், ஈயத்தகடு, துத்தநாகம் எது போட்டாலும் ஏற்கிறார்கள். பிளாஸ்டிக் பலகையில் மிச்சமாகும் காசைவிட, விற்கும்போது எழும் கேள்வி பெரிது.

எந்த வீடுகளுக்கு இந்த முன்கூட்டிய அனுமதியே கிடையாது?

முதலில் ஃபிளாட்டும் மேசனெட்டும். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்க முழு வீடு போலத்தான் இருக்கும், உள்ளே மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல்வீடு உங்களுடையதாக இருந்து லாஃப்ட் உங்கள் லீஸில் இருந்தாலும், டார்மருக்கு பிளானிங் அனுமதி கட்டாயம். நிலத்தின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும்.

அடுத்து, கான்சர்வேஷன் ஏரியா, தேசியப் பூங்கா, இயற்கை எழில் பகுதி, உலகப் பாரம்பரியக் களம் போன்ற இடங்களில் உள்ள வீடுகள். அங்கே கிளாஸ் பி பொருந்தாது. கூரை ஜன்னலுக்கான அனுமதி மட்டும் பொதுவாக அங்கும் இருக்கும். கடை, அலுவலகம், களஞ்சியம் போன்றவற்றிலிருந்து எளிய நடைமுறையில் வீடாக மாறியவற்றுக்கும் இல்லை. முன்கூட்டிய அனுமதியின் கீழ் ஏற்கெனவே ஒரு மாடி உயர்த்திய வீட்டுக்கும் இல்லை. பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடம் என்றால் அதற்கென்று தனி ஒப்புதல் வாங்காமல் உள்ளே ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு தடைகளும் உண்டு. ஒன்று, கவுன்சில் ஒரு பகுதிக்கு மட்டும் இந்த உரிமையை எடுத்துவிடும் ‘ஆர்ட்டிகிள் 4’ உத்தரவு. மற்றொன்று, புதுக் குடியிருப்புகள் கட்டும்போதே மூல அனுமதியில் போட்டுவைக்கிற நிபந்தனை. 1990களுக்குப் பிறகு கட்டிய எஸ்டேட் வீடு என்றால் அந்த மூல அனுமதிக் கடிதத்தைத் தேடிப் படிக்காமல் இறங்காதீர்கள்.

அனுமதி தேவையில்லை என்றால் சான்றிதழ் எதற்கு? வீண் செலவுதானே?

சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் வாங்குங்கள் என்று கை கூப்பிக் கேட்கிறேன்.

சட்டபூர்வக் கட்டுமானச் சான்றிதழ் என்பது, ‘நீங்கள் வரைந்திருக்கும் இந்த டார்மருக்குத் தனி அனுமதி தேவையில்லை’ என்று கவுன்சிலே எழுதிக் கொடுப்பது. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் வருகிறது. எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் விருப்பு வெறுப்பு இதில் நுழையாது, சட்டத்துக்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. வீட்டு உரிமையாளர் போடும் பிளானிங் விண்ணப்பத்தின் கட்டணம் 2025 ஏப்ரல் 1 அன்று 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. சான்றிதழுக்கு அதில் பாதி. ஆண்டுக்காண்டு மாறக்கூடியது என்பதால் போடும் நாளில் பிளானிங் போர்ட்டல் என்ற விண்ணப்ப இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். இல்லையென்றால் பத்தாண்டுக்கு முந்தைய அளவுகளை நீங்கள் நிரூபித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் தாள் வரைபடத்துக்குத்தான் காவல் என்பதை எங்கள் கதையிலிருந்து நினைவில் வையுங்கள்.

முழு விண்ணப்பம் போட வேண்டிவந்தால் எதைப் பார்ப்பார்கள்?

அங்கே 40, 50 கணக்கு முடிவு செய்வதில்லை. பார்வைக்கு எப்படி இருக்கிறது, தெருவின் அமைப்போடு ஒட்டுகிறதா, அண்டை வீட்டின் அந்தரங்கமும் வெளிச்சமும் கெடுமா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கவுன்சிலும் தன் வடிவமைப்புக் கையேட்டில் முகட்டிலிருந்து, இறவாரத்திலிருந்து, பக்க விளிம்பிலிருந்து எவ்வளவு உள்தள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கும். கூரை முழுவதையும் விழுங்குகிற டார்மரை விரும்ப மாட்டார்கள். அண்டை வீட்டாருக்கு 21 நாள் கருத்துச் சொல்ல நேரம் உண்டு. நிராகரித்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பிளானிங் சரி. பில்டிங் ரெகுலேஷனும் தனியாக வேண்டுமா?

வேண்டும், எல்லா லாஃப்ட் அறைக்கும், டார்மர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிளானிங் என்பது வெளியே எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியது. பில்டிங் ரெகுலேஷன் உள்ளே இருப்பவர் உயிரோடு இருப்பதைப் பற்றியது.

இப்போதுள்ள சீலிங் சட்டங்கள் சீலிங்கைத் தாங்க மட்டும் போட்டவை, கட்டிலையும் ஆளையும் தாங்காது. புதுத் தரைச் சட்டமும், கைமரங்களை வெட்டும் இடத்தில் இரும்பு உத்திரமும் தேவைப்படும். கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு கைமரத்தைக்கூட வெட்டவிடாதீர்கள்.

படிக்கட்டின் மேல் தலைக்கு 2 மீட்டர் இடம் வேண்டும். லாஃப்டுக்கு என்று சலுகை உண்டு, நடுவில் 1.9 மீட்டரும் சாய்வுப் பக்கம் 1.8 மீட்டரும் இருந்தால் ஏற்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீ. இரண்டு மாடி வீடு லாஃப்டோடு மூன்று மாடி ஆகிவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து ஜன்னல் வழியே குதித்துத் தப்ப முடியாது. ஆகவே மேலிருந்து வாசல் கதவு வரை படிக்கட்டு, அரை மணி நேரம் தீ தாங்கும் சுவரும் கதவுகளும் கொண்ட பாதையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் மின்சாரத்தில் ஓடும், ஒன்று அலறினால் எல்லாம் அலறும் புகை அலாரம் வேண்டும். நம் வீடுகளில் பலர் ஹாலை விசாலமாக்கப் படிக்கட்டுச் சுவரை ஏற்கெனவே இடித்திருப்பார்கள். படி நேராக ஹாலிலோ சமையலறையிலோ இறங்கும். அப்படியானால் சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும், அல்லது தண்ணீர் தெளிப்பான் அமைப்பு போன்ற மாற்று வழியை பில்டிங் கன்ட்ரோலோடு பேசி வைக்க வேண்டும். கட்டணத்தைப் பார்த்து இதில் குறைக்காதீர்கள். அந்த அறையில் படுக்கப்போவது பெரும்பாலும் நம் பிள்ளைகள்.

வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் வாங்கிவிட்டுத்தான் பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டுமா?

பொதுச் சுவரில் இரும்பு உத்திரத்தைச் செருகினால், 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 14 நாளில் அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு என்று கொள்ளப்பட்டு சர்வேயர் வர வேண்டியிருக்கும், அந்தச் செலவு வழக்கமாகக் கட்டுகிறவர் தலையில். நோட்டீஸைத் தபாலில் போடுவதற்கு முன் ஒரு மாலை நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். கவுன்சிலுக்குப் போன புகாரில் பாதி, முன்னால் ஒரு வார்த்தை சொல்லாத கோபத்தில் போனது என்பது என் எண்ணம்.

லாஃப்டில் வௌவால் இருந்தால்?

வேலையை நிறுத்திவிட்டுத் தகுதியுள்ள சூழலியலாளரை அழையுங்கள். வௌவாலும் அதன் தங்குமிடமும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பிளானிங் தேவைப்படாத வேலைக்கும் இது பொருந்தும்.

கட்டி முடித்துவிட்டோம். இப்போது விதி மீறியது தெரிகிறது. நாலு வருஷம் போனால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அது பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25க்கு முன் கட்டுமானம் பெரும்பாலும் முடிந்திருந்தால்தான் நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு முடிந்தவற்றுக்குப் பத்து ஆண்டு. பில்டிங் ரெகுலேஷன் மீறலுக்கும் திருத்தச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்கும் காலம் ஓராண்டிலிருந்து பத்து ஆண்டாக ஆகிவிட்டது. ஒளித்து வைத்துக் காத்திருப்பதைவிட, ஒரு பிளானிங் ஆலோசகரை வைத்து அளந்து, பின்னோக்கிய விண்ணப்பத்தில் தேறுமா, கொஞ்சம் பிரித்துத் திருத்தினால் விதிக்குள் வருமா என்று பாருங்கள். பில்டிங் கன்ட்ரோல் இல்லாமல் கட்டியதற்கு முறைப்படுத்தும் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. சுவரையும் தரையையும் அங்கங்கே திறந்து காட்டச் சொல்வார்கள்.

பில்டர் ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா’ என்கிறார். நம்பலாமா?

ஆளை நம்பலாம். ஆனால் நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: கன மீட்டர் கணக்கு எங்கே, முகட்டுக்கும் தட்டைக் கூரைக்கும் இடையே முடிந்த அளவு எவ்வளவு, பொறியாளர் யார், பில்டிங் கன்ட்ரோலுக்கு யார் விண்ணப்பிக்கிறார், பார்ட்டி வால் நோட்டீஸ் போயிற்றா. நல்ல பில்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் கூரையை இரண்டாம் முறை கட்டியவர் முதல் நாளே முகட்டிலிருந்து ஒரு நூல் கட்டி, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே கைமரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘சட்டத்தின் தலை இந்தக் கோட்டுக்கு மேலே வராது’ என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.